அம்புக்குறி துப்பிய பொட்டி

பரணில் ஒரு பழைய 486 பொட்டி கிடந்தது. அப்பா மளிகைக் கடை வைத்திருந்தபோது பில் போட்டது. "சனிக்கிழமைக்குள்ள இதுல உருப்படியா ஏதாவது ஓட்டிக் காட்டு. இல்லன்னா காயலான் கடைதான்" என்று கெடு வைத்துவிட்டார்.

விடுவேனா? அவருடைய பழைய கடன் நோட்டை வைத்தே டர்போ சி-யில் ஒரு புரோகிராம் எழுதினேன். பாக்கி வைத்தவர்கள் சிவப்பு, தீர்த்தவர்கள் பச்சை. லேப்டாப்பில் டாஸ்பாக்ஸில் ஜோராக ஓடியது. பிளாப்பியில் ஏற்றி 486-ல் ஓட்டினால் நிறமே இல்லை! ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ←[31எம் என்று குப்பை.

"டிஸ்ப்ளே போச்சு போல" என்றார் அப்பா.

டாஸ் பார்க்காத புண்ணியவான்களுக்காக: 'நிறத்தை மாற்று', 'திரையைத் துடை' போன்ற கட்டளைகளை எழுத்தோடு எழுத்தாகவே அனுப்புவது பழைய வழக்கம். முதலில் எஸ்கேப் குறி, அதாவது 27. பிறகு ஒரு சதுர அடைப்பு, எண், கடைசியில் ஓர் எழுத்து. 31 சிவப்பு, 32 பச்சை. 1978-ல் டெக் நிறுவனம் கொண்டுவந்த விடி100 டெர்மினல்தான் இந்த முறையைப் பிரபலமாக்கியது. (அதற்கு நிறமே கிடையாது என்பது தனிக் கூத்து.)

டாஸ் இதைத் தானாகப் புரிந்துகொள்ளாது. ஆன்சி.சிஸ் என்ற டிரைவரை ஏற்றச் சொல்லி கான்ஃபிக்.சிஸ் கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும். இல்லையென்றால் 27-க்கு ஐபிஎம் எழுத்து வரிசையில் என்ன படம் இருக்கிறதோ அதை வரைந்துவிடும். அந்தப் படம்தான் இடப்பக்க அம்பு. டாஸ்பாக்ஸில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது, அதனால் ஏமாந்தேன்.

வரியைச் சேர்த்து ரீபூட் செய்தேன். மறுபடியும் அம்பு!

வெள்ளி ராத்திரி ஒரு மணிக்குத்தான் உறைத்தது. நடுவில் பதற்றத்தில் பிரின்ட்எஃப்பை எல்லாம் சிபிரின்ட்எஃப் என்று மாற்றித் தொலைத்திருக்கிறேன். அது டாஸைக் கேட்காமல் நேராக வீடியோ மெமரியில் எழுதிவிடும். வாசலில் ஆன்சி.சிஸ் காவல் நிற்க, நான் சுவரேறிக் குதித்துக்கொண்டிருந்தேன். பழையபடி மாற்றியதும் பளிச்சென்று சிவப்பும் பச்சையும்.

காலையில் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார். ஒரு சிவப்புப் பெயரில் விரல் நின்றது.

"இவரு போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆச்சுடா. இந்தக் கலர மாத்து."

அந்த ஒரு வரியில் மட்டும் 31-ஐ 32 ஆக்கினேன்.