லாடம் கட்டிய கன்றுக்குட்டி

ஏழாவது படிக்கும் என் மகளுக்கு ஓவிய வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார்கள். கடையில் எதுவும் வாங்காமல், வீட்டிலும் காட்டிலும் கிடக்கிற சாமான்களை வைத்தே ஒரு விலங்கு செய்து வர வேண்டும். பிக்காசோ என்கிற ஓவியர் 1942-ல் சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்து மாட்டுத்தலை செய்திருக்கிறார். அந்தப் படத்தை வகுப்பில் காட்டியதிலிருந்து, காங்கேயம் காளைதான் செய்வேன் என்று பாப்பாவுக்குப் பிடிவாதம்.

முதலில் அவள் எடுத்து வந்தது, வேலியோரம் யாரோ வீசியிருந்த பூச்சிமருந்து டப்பா. உடனே கையிலிருந்து வாங்கிவிட்டேன். "சோப்புப் போட்டுக் கழுவிக்கிறேம்ப்பா" என்றாள். கழுவினாலும் ஆகாது. மருந்து தீர்ந்ததும் டப்பாவை மூன்று தடவை அலசி, அலசிய தண்ணீரையும் ஸ்பிரேயர் டேங்கிலேயே ஊற்றி, டப்பாவில் ஓட்டை போட்டுவிட்டால் பிள்ளைகள் கைக்கு விளையாட்டுச் சாமானாகப் போகாது. வீசுகிறவர்கள் இதைப் படித்தால் சரி.

அப்புறம் என் அப்பா அட்டாலியிலிருந்து ஒரு தகர டப்பாவை இறக்கினார். ஏர் மாடுகளை விற்று ஏழு வருஷம் ஆகிறது. அதுகளின் லாடம், மூக்கணாங்கயிறு, கழுத்துமணி எல்லாம் அதில் இருந்தன.

"ஏனுங் அப்பாரு, ஒரு காலுக்கு எதுக்கு ரெண்டு லாடம்?"

"குதிரைக்குத்தான் ஒத்தைக் குளம்பு. மாட்டுக்குப் பொளந்த குளம்பாச்சே கண்ணு. நாலு காலுக்கு எட்டு."

ஓட்டை வாளி உடம்பானது. தேய்ந்த கலப்பைக் கொழு முகம், கை ஒடிந்த இரண்டு கரண்டி காது, கம்பித் துண்டுகள் கால், மூக்கணாங்கயிறு வால். எல்லாம் கட்டுக்கம்பியால் கட்டியதுதான், வெல்டிங் இல்லை. கொம்புக்கு இரண்டு பழைய கதிர் அரிவாள் வைத்தாள். ஆனால் முழுக்கத் துருப்பிடித்துச் செக்கச்செவேல் என்று இருந்தது. காங்கேயம் காளை மயிலை ஆயிற்றே, சாம்பல் பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்டாள்.

அப்பா சிரித்தார். "காங்கேயக் கன்னு பொறக்கறப்பச் செவலைதான். ஆறு மாசம் போனாத்தான் மயிலையாகும். கன்னுக்குட்டின்னு சொல்லீரு. கொம்பைக் கழட்டிப் போடு."

அரிவாள் கழன்றதில் எனக்கும் நிம்மதி. பள்ளி பஸ்ஸில் அதை எப்படி அனுப்புவது?

கன்றுக்கு யாராவது லாடம் அடிப்பார்களா என்று கேட்காதீர்கள். லாடத்தில் ஆணிக்கு இருக்கும் ஓட்டைகளில் கம்பியைக் கோத்துப் பலகையோடு இறுக்கியதால்தான் அது சாயாமல் நின்றது. உதிரும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுத் தேங்காயெண்ணெய் துடைத்தோம். செவலை நிறம் இன்னும் நன்றாக எடுத்தது.

கழுத்துமணியை மட்டும் அப்பா தரவில்லை. பாப்பா கெஞ்சிப் பார்த்தாள். "அது மாடு வந்தாக் கட்டறதுக்கு" என்று டப்பாவில் போட்டு மூடிவிட்டார். மாடு வாங்குகிற பேச்சை இந்த ஏழு வருஷத்தில் அவரும் எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை. போன வாரம் சந்தைக்குப் போய்வந்தவர்களிடம், செவலைக் கன்று என்ன விலை போகிறது என்று விசாரித்து வைத்திருக்கிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.