சிலம்பை உடைக்குமுன்

கூலாய் நகரையடுத்த ஒரு வீட்டில், எஸ்.டி.பி.எம். தேர்வில் நன்கு தேறிய மாணவி ஒருத்தி, பல்கலைக்கழக விண்ணப்பத்தின் முன் மூன்று நாட்களாகத் திகைத்து அமர்ந்திருந்தாள். முதலிடத்தில் தடயவியலை வைப்பதா, உயிர்வேதியியலை வைப்பதா என்பதே அவளை வாட்டிய வினா. தொழிற்சாலையில் இரவுப்பணி பார்த்து மகளைப் படிக்கவைத்த தாய்க்கு இரண்டு பெயர்களும் புதியவை. "பிணத்தை அறுக்கும் படிப்பு நமக்கு வேண்டாமம்மா" என்று மட்டும் அவர் சொன்னார்.

தாயின் அச்சம் பிழையானது. சடலத்தை அறுத்து ஆராய்பவர் மருத்துவம் பயின்ற நோய்க்குறியியல் வல்லுநர். தடயவியலாரின் பணியோ பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் நிகழ்வது. குருதிக்கறை, நஞ்சு, போதைப்பொருள், ஆடையின் இழை ஆகியவற்றை ஆராய்ந்து, கண்டதை வழக்குமன்றத்தில் சான்றாக உரைப்பது அது. மகளின் ஆசையிலும் பிழை இருந்தது. திரைப்படத்தில் ஒரே இரவில் குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் அறிவியலாளரைப் பார்த்தே அவள் அத்துறையை விரும்பினாள்.

தாத்தா வாதாடவில்லை. பேத்தியை ஜோகூர் பாருவின் ஜாலான் கெபுன் தேயிலுள்ள நினைவிடத்துக்கு அழைத்துச் சென்றார். 1977 டிசம்பர் 4ஆம் நாள், பினாங்கிலிருந்து கோலாலம்பூர் நோக்கிப் புறப்பட்ட விமானம் கடத்தப்பட்டு, தஞ்சோங் கூப்பாங்கில் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த நூறு பேரும் மாண்டனர். யாருடைய உடல் எது எனப் பிரித்தறிய இயலாமையால், எஞ்சியவை ஒன்றாகவே அங்கு அடக்கம் செய்யப்பட்டன.

"இவர்களுள் தம்மவர் எங்கே என்று உற்றார் கேட்டால், யார் விடை சொல்வது?" என்றார் தாத்தா. அவள் பதில் பேசவில்லை.

மறுநாள் அவ்வினாவைத் தன் உயிரியல் ஆசிரியையிடம் கொண்டுசென்றாள். அவர் கூறிய வரலாறு அவளுக்குப் புதிது. 1984இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெப்ரீஸ் மரபணு அடையாள முறையைக் கண்டறிந்தார். அவர் குற்றங்களை ஆராய்ந்தவரல்லர். மனித மரபணுக்கள் ஆளுக்காள் எவ்வாறு வேறுபடுகின்றன என்று ஆராய்ந்தவர். ஈராண்டுகளில் அம்முறை ஒரு கொலை வழக்கிற்குப் பயன்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த பதினேழு வயது இளைஞன் குற்றமற்றவன் என்று அச்சோதனை காட்டியது. மெய்யான கொலையாளி 1988இல் தண்டனை பெற்றான். நம் நாட்டிலும் 2009இல் மரபணு அடையாளச் சட்டம் இயற்றப்பட்டது.

வீடு திரும்பும் வழியில் அவள் நினைவில் பாண்டியன் அவை எழுந்தது. அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உண்மை வெளிப்பட்டது, ஆனால் கோவலன் மாண்ட பின்னரன்றோ வெளிப்பட்டது! அவையறியச் சிலம்பை உடைத்துக் காட்டுவது தடயவியல். உள்ளிருப்பது யாது, அஃது எவ்வாறு அமைந்தது என்று தேடுவது உயிர்வேதியியல். முன்னது வேதியியல், உயிரியல், சட்டம் எனப் பலவற்றையும் ஒரு பயனுக்காகத் திரட்டித் தரும். பின்னது புரதம், நொதி, மரபணு ஆகியவற்றின் இயக்கத்துள் ஆழச்செல்லும். மருத்துவம், உணவு, வேளாண்மை எனப் பல வாயில்களையும் திறந்துவைக்கும். அதனைப் பயின்றவர் மேற்படிப்பில் தடயவியலுக்குச் செல்லவும் இயலும்.

கிளந்தான் மாநிலத்துக் குபாங் கெரியானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் தடயவியலைக் கற்பிக்கிறது. செர்டாங்கில் புத்ரா மலேசியப் பல்கலைக்கழகம் உயிர்வேதியியலைக் கற்பிக்கிறது. தொலைவை எண்ணி அவள் முடிவெடுக்கவில்லை. நீதிமன்றத்தில் நின்று உரைப்பதைவிட, உரைப்பதற்குரிய உண்மையைத் தேடுவதே தன் இயல்பு என உணர்ந்தாள். முதலிடத்தில் உயிர்வேதியியலையும், இரண்டாமிடத்தில் தடயவியலையும் எழுதினாள்.

மாணவர் ஒரு துறையின் பெயரைச் சொல்லும்போது, அவர் உள்ளத்தில் நிற்கும் வினா யாது எனக் கேட்டறிவது ஆசிரியர் கடமை. அவ்வினா தெளிந்தால் துறை தானே தெளியும்.

அன்றிரவு வேலைக்குப் புறப்பட்ட தாய், வாசலில் நின்று ஒன்றே கேட்டார்: "செர்டாங்குக்கு இங்கிருந்து பேருந்து உண்டா, அம்மா?"