நைனாவின் டிரான்சிஸ்டர்

எழுபதுகளில், அம்பத்தூருக்கு மேற்கே எங்க சேரியில் யார் வீட்டிலயும் ரேடியோ கிடையாது. பஞ்சாயத்து ரேடியோ ஊருக்குள்ள. தெருமுனையில நின்னு கேப்போம். பாதிப் பாட்டுல வெரட்டுவாங்க.

1964இல் தொடங்கிய தொழிற்பேட்டையில் கூலிக்குப் போன நைனா, பழைய டிரான்சிஸ்டர் ஒன்று வாங்கிவந்தார். சேரியே எங்க வாசலில்தான். கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது மாதிரியே பொடிப்பசங்க பேசிக்காட்டுவானுங்க.

இலங்கை வானொலியின் நேயர் விருப்பத்துக்கு நைனா பேரில் நான்தான் கடிதம் எழுதினேன். ஒரு சாயங்காலம் படிச்சாங்க. அவர் பேர், ஊர் பேர், அவ்வளவுதான். ஊர்ல நண்டுசிண்டுகூட அவரை வாடா போடான்னுதான் கூப்பிடும். ரேடியோவில் 'திரு' போட்டுச் சொன்னாங்க.

என்ன பாட்டு போட்டாங்கன்னு யாருக்கும் ஞாபகமில்ல. ஆயா மட்டும் ராத்திரி முழுக்கக் கேட்டுக்கினே இருந்தா: “எம்மவன் பேர இன்னொரு வாட்டி சொல்லுவாங்களா?”