சின்ன இஞ்சின்

வங்கிக் குமாஸ்தாவுக்கு யந்திரங்கள் காகிதத்தில்தான் அறிமுகம். டிராக்டர், லேத், ஜெனரேட்டர் எதுவானாலும் கடன் பத்திரத்தில் ஒரு இஞ்சின் நம்பர், ஒரு சேஸிஸ் நம்பர். வருஷா வருஷம் தேய்மானம் கழித்துக்கொண்டே வந்து கடைசியில் ஒரு ரூபாய் என்று நிறுத்திவைப்பார்கள். அப்படி ஒரு பொருள் இருந்ததை ஏடு மறந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஒரு ரூபாய். என் சித்தப்பா மகன் பாகூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் பத்தொன்பது வருஷமாகக் கிடந்த புல்டோசரைக் காயலான் கடைக்காரனோடு போட்டி போட்டு, கிலோக் கணக்கில் விலை பேசி வாங்கியபோது என்னிடம் கேட்டது கடன். அந்த வயசு யந்திரத்துக்கு எந்தக் கிளையும் கடன் கொடுக்காது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தேன். பதினோரு மாத ஞாயிற்றுக்கிழமைகள்.

இதை இந்தப் பக்கங்களில் எழுத ஒரு முகாந்திரம் உண்டு. நம் வட்டத்தில் பிடிக்காத விமர்சகனைப் புல்டோசர் என்று சொல்வது வழக்கம். என்னையும் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்கள் யாரும் அதில் ஏறி உட்கார்ந்தவர்கள் அல்ல.

யந்திரம் கேட்டர்பில்லர் டி 7. இரண்டாவது யுத்தத்தில் அமெரிக்க ராணுவம் போன இடமெல்லாம் கொண்டுபோன ரகம். யுத்தம் முடிந்து இந்தியாவில் விட்டுச் சென்ற டிராக்டர்களைப் பழுது பார்த்துக்கொண்டுதான், சுதந்திரத்தை ஒட்டி, மத்திய டிராக்டர் அமைப்பு என்ற இலாகா தொடங்கிற்று. மத்திய இந்தியாவில் ஆழ வேரோடிய ஒரு நாணல் வகைப் புல் மண்டித் தரிசாய்ப் போன நிலங்களை உழுது மீட்பது அதன் வேலை. 1949இல் உலக வங்கி இந்தியாவுக்குக் கொடுத்த 1 கோடி டாலர் கடன் பெரும்பாலும் இந்தப் புல்லை ஒழிக்கும் டிராக்டர்களுக்காக. எங்கள் யந்திரம் அந்த வம்சமா, பின்னால் வந்ததா என்று சொல்லியிருக்கக்கூடிய பித்தளைத் தகட்டை யாரோ பெயர்த்துப் பழைய பித்தளை விலைக்கு விற்றிருந்தார்கள்.

மேட்டுப்பாளையம் லாரி டெர்மினலுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை வாடகைக்குக் கிடைத்தது. நெய்வேலிச் சுரங்கத்தில் டோசர் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வில்லியனூரில் மகள் வீட்டோடு இருந்தார். கேள்விப்பட்டுத் தானாக வந்தார். கூலி பேசவில்லை. கொட்டகைக்குள் நுழைந்ததும் யந்திரத்தை ஒருமுறை சுற்றி வந்து, வலது பக்கம் குனிந்து பார்த்து, “சின்ன இஞ்சின் இருக்குதே, அது போதும்” என்றார்.

இந்த ரகத்தில் இரண்டு இஞ்சின்கள். பெரியது டீசல், நான்கு சிலிண்டர். பிஸ்டன் எட்டு அங்குலம் ஏறி இறங்கும். முழு வேகத்தில் நிமிஷத்துக்கு 1000 சுற்றுதான். மோட்டார் சைக்கிள் சும்மா நிற்கும்போதே அதற்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். இத்தனை பெரிய இரும்பை உருட்டிக் கிளப்ப அந்தக் காலத்துப் பேட்டரிக்குத் தெம்பு போதாது. ஆகவே பக்கத்தில் இரண்டு சிலிண்டர் பெட்ரோல் இஞ்சின் ஒன்று. கைப்பிடி செருகிச் சுற்றி முதலில் இதைக் கிளப்ப வேண்டும். இரண்டுக்கும் தண்ணீர் ஒன்றே. சின்னதின் புகைக்குழாய் பெரியது மூச்சிழுக்கும் வழியின் ஊடே போகிறது. சின்னது ஓட ஓடப் பெரியது காய்கிறது. பிறகு பல்சக்கரத்தைச் சேர்த்து, ஒரு லீவரால் பெரியதின் அழுத்தத்தை விடுவித்து, அதை வெறுமனே சுழல விட வேண்டும். ஆயில் பிரஷர் முள் எழும்பும்வரை டீசல் கிடையாது. எல்லாப் பேரிங்குக்கும் எண்ணெய் போய்ச் சேர்ந்த பிறகுதான் முதல் வெடி. இன்றைக்கு எந்த வண்டியையும் யாரும் இவ்வளவு மரியாதையாக எழுப்புவதில்லை.

சின்ன இஞ்சினைச் சிறுபத்திரிகைக்கு உவமை சொல்லும் சபலம் எனக்கும் வந்தது. பொருந்தாது. சின்ன இஞ்சின் பெரியதைக் கிளப்பிவிட்டு நிற்கும். நம் பத்திரிகைகளில் பல எதையும் கிளப்பாமலே நின்றவை.

பெரிய இஞ்சின் இறுகியிருந்தது. நாசில்களைக் கழற்றி, டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஓட்டை வழியாக ஊற்றி ஊறப்போட்டோம். ஒவ்வொரு ஞாயிறும் பிளைவீல் பல்லில் கடப்பாரையை முட்டுக் கொடுத்து இரண்டு பேர் தொங்குவோம். பெரியவர் பிளைவீல் மேல் சாக்கட்டியால் கோடு போட்டு, அதற்கு நேராக மூடியிலும் ஒரு கோடு போட்டிருந்தார். ஏழாவது வாரம் கோடுகள் ஒரு நூல் விலகின. சத்தமே இல்லை. பெரியவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, “டீ சொல்லு” என்றார்.

டாங்கின் அடியில் கறுப்புக் களி முழங்கை ஆழம். சின்ன இஞ்சினின் மேக்னட்டோவைப் பம்புசெட்டுக்குக் காயில் கட்டும் கடையில் கொடுத்தோம். கடைக்காரர் கையில் வைத்துப் பார்த்து, “இதுக்குப் பேட்டரியே வேணாமே” என்று பொறாமையோடு சொன்னார். தேய்ந்துபோன புஷ்கள்தான் பெரிய தலைவலி. சண்டே மார்க்கெட்டில் இரண்டு கிடைத்தன. மற்றதையெல்லாம் முதலியார்பேட்டையில் ஒரு டர்னர் தன் வீட்டுத் தாழ்வாரத்து லேத்தில் கன்மெட்டலில் கடைந்து தந்தார். ரோடியர் மில்லில் இருந்தவர். 1898இல் ஆரம்பித்து, பெயர்கள் மாறி, ஏ.எஃப்.டி.யாகி, 2020 ஏப்ரலோடு மூடப்பட்ட மில். வரைபடம் கேட்கவில்லை. உடைந்த புஷ்ஷை உள்ளங்கையில் உருட்டினார், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பதைக் காட்டி, “இத ஓட்டினவன் எப்பவும் ஒரே பக்கம் திருப்பியிருக்கான்” என்றார். பெயர் தெரியாத ஓர் ஆளின் பழக்கத்தைத் தேய்மானத்திலிருந்து படித்துவிட்டார். நான் பதினைந்து வருஷமாகக் கவிதை விமர்சனம் எழுதுகிறேன். ஒரு பிரதியை அப்படிப் படித்த விமர்சனம் தமிழில் எத்தனை என்று விரல் விட்டு எண்ணிக்கொள்ளலாம்.

புல்டோசருக்கு ஸ்டியரிங் வீல் கிடையாது. இரண்டு லீவர், இரண்டு பிரேக். இடது லீவரை இழுத்தால் இடது செயினுக்குப் போகும் சக்தி அறுபடும். வலது செயின் தள்ளத் தள்ள வண்டி இடப்பக்கம் திரும்பும். இந்தக் கிளட்சுகள் எண்ணெயில் மூழ்காத உலர்ந்த ரகம். ஆகவே சும்மா நின்றால் துருப்பிடித்துத் தட்டோடு தட்டு ஒட்டிக்கொள்ளும். இரண்டும் ஒட்டியிருந்தன. ஆக, எங்கள் புல்டோசர் உயிர் பெற்ற அன்று அதற்கு நேராகப் போகத்தான் தெரிந்தது. கொட்டகையை விட்டு வெளியே வந்து, காலி மனையைத் தாண்டி, கருவேலங்காட்டுக்குள் நேராகப் போயிற்று. பெரியவர் பதறவில்லை. லீவரை இழுத்துக் கயிற்றால் கட்டி, பிரேக்கை மிதித்து, முன்னும் பின்னுமாக வதைத்தார். பிற்பகலில் ‘படார்’ என்று இடது கிளட்ச் விட்டது. வலதுக்கு இன்னும் இரண்டு ஞாயிறு.

ஓட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கேதான் நம் வசைச்சொல் எவ்வளவு விஷயம் தெரியாதது என்பது விளங்குகிறது. இதில் ஆக்ஸிலேட்டரை மிதித்து ஆவேசம் காட்ட முடியாது. வேகத்தைக் கையால் ஒருமுறை வைத்துவிட்டால் அவ்வளவுதான். நடையில் போகிறவன் முந்திவிடுவான். மண்ணை வெட்டும் விளிம்பு ஓட்டுகிறவன் கண்ணுக்குத் தெரியாது. பிளேடின் முதுகுதான் தெரியும். ஆழத்தை இஞ்சின் சத்தத்திலும் ஆசனத்தின் சாய்விலும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பழைய ரகத்தில் பிளேடைத் தூக்குவது கம்பிவடம். வடத்துக்குத் தூக்கத் தெரியும், அமுக்கத் தெரியாது. பிளேடு தன் கனத்தால் இறங்கினால் உண்டு. நம் பக்கத்துச் செம்மண் கோடையில் இறுகிக் கிடக்கும்போது அது மேலோடு வழுக்கிக்கொண்டு போகும். ஒரு மழைக்குக் காத்திருக்க வேண்டும்.

புதிதாக ஓட்டுகிறவன் சமன் செய்யப் போய் அலை அலையாக்கிவிடுவான். மூக்கு ஒரு சிறு பள்ளத்தில் இறங்கினால் பிளேடு கூடுதலாக வெட்டுகிறது. அந்த மண்மேல் வண்டி ஏறினால் பிளேடு அந்தரத்தில் நிற்கிறது. அடுத்த இறக்கத்தில் இன்னும் ஆழமாக வெட்டுகிறது. தரையிலிருந்த சின்னக் கோணல் அவன் கையால் பெரிதாகிக்கொண்டே போகும். யந்திரம் அசைவதற்கு அரை நொடி முன்னால் பிளேடை அசைப்பதுதான் வித்தை. இன்னொன்று, சரிவில் இறங்கும்போது நடப்பது. மேட்டில் இடது லீவரை இழுத்தால் இடப்பக்கம். செங்குத்தான இறக்கத்தில் அதையே இழுத்தால் வலப்பக்கம்! இஞ்சின் வண்டியைத் தள்ளாமல் பிடித்துவைத்திருக்கும் நேரம் அது. இடது செயினை விடுவித்தால் அது தறிகெட்டு முன்னால் ஓடும். ஏரிக்கரையிலிருந்து இறங்கும்போது பெரியவர் பக்கத்தில் நின்றுகொண்டு, “இப்ப எல்லாம் தலைகீழ் தம்பி, கைய நம்பாத” என்பார்.

ஏரிக்கரை என்றேன். புதுச்சேரியில் 84 ஏரிகள். ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் பெரியவை. முதல் வேலை வில்லியனூர்ப் பக்கம் ஒரு சின்ன ஏரியின் கரையை உயர்த்துவது. நான்கு நாள். யந்திரம் தன் கனத்தாலேயே கரையை இறுக்கிக்கொண்டு போயிற்று. டீசல் செலவு போக மிஞ்சியது சொற்பம்.

இரண்டாவது வேலைக்கு ஒரு கான்டிராக்டர் வந்தார். வாய்க்கால் ஓரத்துக் குடிசைகளை அகற்ற வேண்டும். ஏரி வேலையைப் போல மூன்று பங்கு தருவதாகச் சொன்னார். தம்பிக்கு வெளியே வாங்கிய கடனுக்கு வட்டி கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. சரி என்று சொல்லியும்விட்டான். பெரியவர் மட்டும், “இது வீடு இடிக்கிற மிஷின் இல்ல. மேல கூண்டு கெடையாது. சட்டமும் ஓடும் சரிஞ்சா ஓட்டுறவன் மண்டையில. அதுக்கு ஜே.சி.பி. கூப்பிடு” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஜே.சி.பி. வந்து ஒரு பிற்பகலில் முடித்துவிட்டுப் போயிற்று. தம்பி இரண்டு வாரம் பெரியவரோடு பேசவில்லை.

பெரியவர் சொன்னது வெறும் தொழில் நியாயமா? அதற்கப்புறம் இந்தச் சொல்லின் பின்னால் போனேன். புல்டோஸ் என்ற ஆங்கிலச் சொல் யந்திரத்துக்கு முந்தியது. 1876 தேர்தலை ஒட்டி அமெரிக்காவின் லூயிசியானாவில் கறுப்பர்கள் ஓட்டுப் போடாதபடி சாட்டையால் அடித்து மிரட்டினார்கள். காளைக்குக் கொடுக்கும் அளவு அடி என்று பொருள். யந்திரத்தின் கதை வேறு. கலிபோர்னியாவின் சேற்று நிலத்தில் சக்கரம் புதைகிறதே என்று பெஞ்சமின் ஹோல்ட் 1904 நவம்பரில் சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் செயினைப் பூட்டிப் பார்த்தார். அது ஊர்வதைப் பார்த்தவர் ஒருவர் கம்பளிப்புழு என்றார், பெயர் ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊரில் ஒரு காலத்தில் ஆண்ட பாஷையிலும் ஷெனீய் என்றால் கம்பளிப்புழு, இந்தச் செயின் இரண்டும்தான். 1923இல் கான்சஸில் ஒரு விவசாயியும் ஒரு வரைவாளரும் சேர்ந்து டிராக்டர் முன்னால் தகடு மாட்டினார்கள். பின்னால்தான் சாட்டையின் பெயர் புழுவுக்கு வந்தது.

இப்போது பெயர் மறுபடி சாட்டைக்கே திரும்பியிருக்கிறது. 2022 ஏப்ரல் 20 அன்று டில்லி ஜஹாங்கீர்புரியில் வீடுகளும் கடைகளும் இடிக்கப்பட்டன. மறுநாள் பிரிட்டிஷ் பிரதமர் ஜான்சன் குஜராத் ஹாலோலில் ஜே.சி.பி. தொழிற்சாலைக்குப் போய் யந்திரத்தில் ஏறிக் கையசைத்தார். குற்றம் சாட்டப்பட்டவன் வீட்டை அந்தக் காரணத்துக்காக இடிக்க அரசுக்கு உரிமையில்லை, இடிப்பதென்றால் 15 நாள் நோட்டீஸ் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் சொல்ல 2024 நவம்பர் 13 ஆயிற்று. செய்தி முழுக்கப் புல்டோசர் என்றே எழுதினார்கள். படங்களில் பெரும்பாலும் இருந்தது டயர் வைத்த, நீண்ட கை வைத்த, தோண்டும் யந்திரம். அசல் புல்டோசருக்கு அந்தக் கை கிடையாது.

இதைப் பெரியவரிடம் சொன்னபோது சந்தோஷப்பட்டார். “நான் அப்பவே சொல்லல?” என்றார். எனக்கு அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு பக்கம் வளையமாதேவியில், நெய்வேலிச் சுரங்கத்தின் வாய்க்காலுக்காக, வளர்ந்து நின்ற நெற்பயிர்மேல் யந்திரங்கள் இறங்கியதை அவரும் டீவியில் பார்த்திருக்கிறார். கேட்டேன். “அது எக்ஸ்கவேட்டர் தம்பி” என்றார். அதே குரல். உண்மைதான், எக்ஸ்கவேட்டர்தான். ஆனால் குடிசைகளை அன்று அவரிடமிருந்து காப்பாற்றிய அதே பெயர்ச் சுத்தம் இங்கே அவரை நெல்லிடமிருந்து காப்பாற்றுகிறது. பொருளுக்குச் சரியான பெயர் சொல் என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். சரியான பெயருக்குப் பின்னாலும் ஓர் ஆள் ஒளிந்துகொள்ள இடமிருக்கிறது. ஈழத்தில் 2009க்குப் பிறகு மாவீரர் துயிலும் இல்லங்களைச் சமன் செய்தவை அசல் புல்டோசர்களே. கல்லறைகளுக்குக் கூரை இல்லை, தலையில் விழ ஓடும் இல்லை. அங்கே பெரியவரின் தொழில் நியாயம் என்ன சொல்லியிருக்கும்? கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமல் இருப்பது மரியாதையா, கோழைத்தனமா என்பதில் எனக்கும் தம்பிக்கும் அபிப்பிராய பேதம் உண்டு.

அவர் மௌனத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லலாம். ஏரிக்கரையில் ஒரு பிற்பகல், வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய், பிளேடுக்கு முன்னால் குவிந்திருந்த மண்ணைக் கையால் விலக்கி எதையோ தேடினார். ஒரு கோரைக் கிழங்கை எடுத்துத் துடைத்து, முகர்ந்து பார்த்துப் பையில் போட்டுக்கொண்டார். “நெய்வேலியில மேல் மண்ணுல இது நெறைய வரும்” என்றார். மேல் மண் என்றால் யாருடைய வயலோ.

யந்திரம் இன்னும் கொட்டகையில் இருக்கிறது. மணிக் கணக்கில் ஜே.சி.பி. மலிவு, எங்களை அழைப்பவர்கள் குறைவு. தம்பி விற்கப் பார்க்கிறான், காயலான் கடைக்காரன் பழைய விலையையே சொல்கிறான். ஐப்பசி, கார்த்திகையில் வலது கிளட்ச் ஈரத்தில் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. ஆகவே மழைக்காலம் முழுக்க வாரம் ஒருமுறை யாராவது போய்ச் சின்ன இஞ்சினைக் கிளப்பி, பெரியதைக் கிளப்பி, இரண்டு பக்கமும் திருப்பிவிட்டு வர வேண்டும். இந்த வருஷம் அது என் முறை.