வழி காட்டிய வில்லையும் வழி தெரிந்த மனிதர்களும்

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒருநாள் காலைத் திருப்பலி முடிந்து நாங்கள் வீடு திரும்பியபோது, திண்ணைக் கட்டில் வெறுமையாய்க் கிடந்தது. தந்தையாரின் குடையைக் காணோம். ஆணியில் தொங்கும் பழைய சாவிக்கொத்தையும் காணோம்.

அச்சாவிக்கொத்தைப் பற்றி வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். எங்கள் தந்தையார் பூப்பாறைக்கு அப்பாலுள்ள ஓர் ஏலத்தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். இன்று எண்பதைக் கடந்துவிட்டார். காலையில் உண்டதை நண்பகலில் மறந்துவிடுவார். ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கு முன் எந்தச் சரிவில் எத்தனை பேர் காய் எடுத்தார்கள் என்பதைப் பிழையின்றிச் சொல்வார். ஏலக்காய் உலர்த்தும் கூடத்தின் சாவி இன்றும் அவரிடம் இருக்கிறது. அதற்குரிய பூட்டு மாறிப் பல காலம் ஆயிற்று. ஆயினும் சாவியைப் பிரிய அவருக்கு மனம் வந்ததில்லை. ஆகவே சென்னையிலிருந்து எங்கள் மகன் அனுப்பிய சிறு வில்லை ஒன்றை அவ்வளையத்தில் கோத்து வைத்தோம். “தாத்தா எங்கே போனாலும் கைப்பேசியில் தெரியும்” என்று அவன் சொல்லியிருந்தான். நாங்களும் நம்பினோம்.

பதறிய கைகளால் கைப்பேசியைத் திறந்தோம். ஜீப்புகள் புறப்படும் இடத்தில் 5.50 மணிக்கு ஒரு புள்ளி. மலையடிவாரமான முந்தலில் 6.15க்கு இன்னொரு புள்ளி. அதற்குப் பின் ஒன்றுமில்லை. தோட்ட வேலைக்குச் செல்வோரோடு ஜீப்பில் ஏறிவிட்டார் என்பது விளங்கிற்று. ஆனால் இப்போது எங்கே? எத்தனை முறை பார்த்தாலும் அந்தப் புள்ளி முந்தலிலேயே நின்றது.

அறிமுகமான ஒருவரின் வண்டியில் நாங்களும் மலையேறினோம். வளைவுக்கு வளைவு கைப்பேசியை உயர்த்திப் பிடித்துப் பார்த்தோம். ஓரிடத்தில் கோபுரத் தொடர்பே அறுந்தது. போடிமெட்டில் தேநீர்க் கடையருகே நின்ற ஜீப் ஓட்டுநர் ஒருவரிடம் தந்தையாரின் அடையாளம் கூறியதும், “நம்ம கணக்கப்பிள்ளை ஐயாதானே? குடையோட பூப்பாறை தாண்டி இறங்கினாருண்ணே. பழைய தோட்டத்துக்குத்தான் போயிருப்பாரு” என்றார்.

அவர் சொன்னபடியே இருந்தது. உலர்த்தும் கூடத்தின் படிக்கட்டில் எங்கள் தந்தையார் அமர்ந்திருந்தார். காய் எடுக்க வந்த பெண்மணி ஒருவர் அவர் தோளில் தம் கம்பளியைப் போர்த்தி, கட்டஞ்சாயா கொடுத்திருந்தார். நாங்கள் ஏறக்குறைய இருபது அடி நெருங்கிய பின்னரே, ‘உங்கள் பொருள் அருகில் உள்ளது’ என்று கைப்பேசி அறிவித்தது. அதற்குள் எங்கள் கண்களே அவரைக் கண்டுவிட்டன.

வீடு திரும்பியபின் மகனிடம் சற்றுக் கடிந்து பேசினோம். அவன் பொறுமையாக விளக்கியதைக் கேட்டபோது, தவறு எங்கள் எதிர்பார்ப்பில்தான் என்பது புரிந்தது.

அந்த வில்லைக்குத் தான் இருக்கும் இடம் தெரியாது. வானத்துச் செயற்கைக் கோளோடு அதற்கு உறவில்லை. அதனுள் சிம் அட்டையும் இல்லை. ஒரு சிறு பொத்தான் மின்கலத்தைக் கொண்டு, ‘நான் இங்கே’ என்று புளூடூத் அலையில் ஓயாது முனகுவதே அதன் வேலை. அம்முனகல் வீட்டுக்குள் சுமார் 10 மீட்டரும், தடையற்ற வெளியில் அதைவிடச் சில மடங்கும் செல்லும். வழியே போகும் யாரோ ஒருவருடைய கைப்பேசி அதைக் கேட்டு, தான் நிற்கும் இடத்தைச் சேர்த்து, மறைகுறியாக்கி, இணையத்தின் வழியே அனுப்பிவைக்கிறது. அனுப்பியவருக்கே அது தெரியாது. பொருளுக்கு உரியவரால் மட்டுமே படிக்க முடியும். ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்டேக் 2021இல் வந்தது. கூகுள் நிறுவனம் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளைக் கொண்டு 2024இல் இத்தகைய வலையை விரித்தது.

நம் மலைகளில் மாட்டின் கழுத்தில் மணி கட்டுகிறோம் அல்லவா? மணி எங்கும் ஒலிக்கும்; கேட்கக் காது வேண்டும். வில்லையும் அப்படித்தான். முந்தலில் வண்டிகளும் கைப்பேசிகளும் கூடி நின்றன, மணி கேட்டது. நிழல் மரங்கள் அடர்ந்த ஏலச்சரிவில் கேட்க யாருமில்லை. ஆள் இருந்தாலும் அவரிடம் இருப்பது பொத்தான் கைப்பேசியாயின் பயனில்லை. ஆப்பிள் வலைக்குரிய வில்லையை ஆண்ட்ராய்டு வலை பொருட்படுத்தாது. ஈரத் தழைகளும் மனித உடலும் இந்த அலையை விழுங்கிவிடும். இவை யாவும் சரியாக அமைந்தாலும், கேட்ட கைப்பேசிக்கு இணையம் வேண்டும். அன்று பிற்பகல், தந்தையார் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தபோது, ‘காலை 7.35, பூப்பாறை’ என்று ஒரு புள்ளி தோன்றிற்று. ஜீப்பில் உடன் சென்ற யாரோ ஒருவரின் கைப்பேசி, தொடர்பு கிடைத்த பின்னரே செய்தியைச் சேர்த்திருக்கவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பிறரை இரகசியமாகப் பின்தொடர இக்கருவி பயன்படலாகாது என்பதற்காக, கூகுளின் வலை, ஆள் நடமாட்டம் மிகுந்த இடங்களில் பல கைப்பேசிகள் சேர்ந்து கண்டால் மட்டுமே தெரிவிப்பதை வழக்கமான அமைப்பாக வைத்தது. கைப்பேசிக்கு உரியவர் விரும்பினால் அதனை மாற்றிக்கொள்ளலாம். முன்பின் தெரியாத வில்லை ஒன்று நம்மைத் தொடர்ந்து வந்தால் எச்சரிக்கும் பொது ஏற்பாட்டை இரு நிறுவனங்களும் 2024 மே மாதம் கொண்டுவந்தன. இவை நல்ல காவல்களே. ஆனால் ஆளரவமற்ற மலையில் அவற்றுள் முதலாவது நமக்கு எதிராகவும் அமையக்கூடும். இக்கருவி பொருள்களுக்கென்றே செய்யப்பட்டது, மனிதருக்கென்று அன்று. 2023இல் போடிக்கு மீண்டும் வந்த இரயிலில் பெட்டியை மறந்துவிட்டால், கூட்டம் நிறைந்த மதுரை நிலையத்தில் அது நன்றாகவே உதவக்கூடும்.

அந்த இரவு தந்தையார் வில்லையைத் தடவிப் பார்த்து, “இது என்ன?” என்றார். உண்மையைச் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தார். “எனக்கும் மணி கட்டிட்டீங்களா?” என்று கேட்டார். அக்கேள்வி எங்களை வெட்கச் செய்தது. அவரிடம் கேளாமலே அதைக் கோத்திருந்தோம் என்பது மட்டுமன்று. அதைக் கோத்த நாள்முதல் அவரோடு திண்ணையில் அமர்வதும் குறைந்திருந்தது. பார்த்துக்கொள்ளத்தான் கருவி இருக்கிறதே என்ற எண்ணம்!

இப்போது அவர் சம்மதத்தோடுதான் வில்லை சாவியில் இருக்கிறது. சட்டைப் பையில் எங்கள் தொலைபேசி எண் எழுதிய அட்டையும் இருக்கிறது. ஜீப் ஓட்டுநர்களிடமும் தேநீர்க் கடைக்காரரிடமும் சொல்லி வைத்திருக்கிறோம். எங்களில் ஒருவர் திருப்பலிக்குச் சென்றால் மற்றவர் வீட்டில் இருக்கிறோம். பொருள் தொலைந்தால் புனித அந்தோணியாரை வேண்டுவது நம் குடும்பங்களின் வழக்கம். அன்று எங்கள் மன்றாட்டுக்கு விடையாக வந்தவர்கள் ஓர் ஓட்டுநரும், கம்பளி போர்த்திய பெண்மணியுமே. அவர்களுக்கு ஏலக்காய் எடுப்பு முடிந்ததும் எங்கள் வீட்டில் விருந்து வைத்தோம். தந்தையார் அந்த ஓட்டுநரின் தகப்பனார் பெயரைச் சரியாகச் சொன்னார்.