நானே ஒட்டிய டேக்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பயணக் கட்டுரை இல்லை. சிங்கப்பூரில் என்னென்ன பார்த்தேன், என்னென்ன சாப்பிட்டேன் என்று எழுதி உங்களை வதைக்கிற எண்ணம் சத்தியமாக இல்லை :-) அங்கிருந்து கிளம்பும்போது பெட்டியின் கைப்பிடியில் நான் ஒட்டிய, அதாவது ஒட்டத் தெரியாமல் ஒட்டிய, ஒரு காகிதத் துண்டைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

போன வருஷம் மே லீவில் அப்பாயியைக் கூட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தை கல்யாணம் ஆகி அங்கே போய் இருபது வருஷம் ஆகிறது. அப்பாயி மகள் குடித்தனம் நடத்தும் வீட்டைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கும் அதுதான் முதல் விமானம். திருச்சியில் ஏறும்போது எல்லாம் கவுன்டரிலேயே முடிந்துவிட்டது. ஒரு அக்கா பெட்டியை எடை போட்டார், கைப்பிடியில் டேக்கைச் சுற்றினார், பெல்ட்டில் தள்ளினார். மொத்தமே ஒரு நிமிஷம். அவர் கை என்ன செய்தது என்று நான் கவனிக்கவே இல்லை. எனக்கு அப்போது ஜன்னல் சீட் கிடைத்ததா என்பதுதான் கவலை.

திரும்பி வரும்போது சாங்கியில் கவுன்டருக்குப் பதில் வரிசையாக மெஷின்கள். பாஸ்போர்ட்டைக் காட்டினால் போர்டிங் பாஸ் வருகிறது. "எத்தனை பெட்டி?" என்று கேட்கிறது. இரண்டு என்று தொட்டால் நீளமாக இரண்டு டேக் வெளியே வந்து விழுகிறது. அதை நாமே பெட்டியில் மாட்டிக்கொண்டு, பக்கத்தில் இருக்கிற இன்னொரு மெஷினிடம் போய்ப் பெட்டியை ஒப்படைக்க வேண்டும். ஆறேழு மெஷினுக்கு ஒரு பெண் உதவிக்கு நின்றிருந்தார். எங்களைப் பார்த்து "ஓகேவா?" என்று கேட்டார். நான் கெத்தாக "ஓகே, ஓகே" என்று தலையாட்டிவிட்டேன். பின்னாடி நின்ற யாரோ ஒரு அம்மாவிடம் அப்பாயி, "எம் பேரன் எல்லாத்தையும் அவனே செஞ்சுருவான்" என்று தமிழிலேயே பெருமை அடித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது என்று நினைக்கிறேன்.

முதல் பெட்டி சரியாக வந்தது. இரண்டாவதில்தான் சொதப்பல். பசைப் பக்கத்தின் தாளை உரித்து, கைப்பிடிக்குள் விட்டு, இரண்டு முனையையும் சேர்த்து ஒட்ட வேண்டும். எனக்கு முனை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, ஒரு விரல் அகலத்துக்குத்தான் ஒட்டியது. அது போக டேக்கின் ஓரத்தில் சின்னதாக ஒரு பார்கோடு ஸ்டிக்கர் இருந்தது. அதை ஏதோ உபரி என்று நினைத்து, உரித்த தாளோடு சேர்த்துக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். மெஷின் எதுவும் சொல்லவில்லை. எடை பார்த்தது, பார்கோடைப் படித்தது, பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டது.

திருச்சியில் வந்து இறங்கினால் ஒரு பெட்டிதான் வந்தது. பெல்ட் சுற்றிச் சுற்றி நின்றே போய்விட்டது.

வராத பெட்டியில் அத்தை கட்டிக் கொடுத்த மைலோ, கோடாலித் தைலம், சாக்லேட், அம்மாவுக்கு ஒரு புடவை எல்லாம் இருந்தன. அவற்றோடு அப்பாயியின் பாக்குவெட்டியும். அப்பாயிக்கு அதனுடைய அம்மா கொடுத்தது. வெற்றிலை பாக்கு போடாமல் அப்பாயியால் ஒரு வேளைகூட இருக்க முடியாது, அதற்கு அந்தப் பாக்குவெட்டிதான் வேண்டும். கிளம்புகிற அன்று அதை மடியில் முடிந்துகொண்டே வந்துவிடுவதாகச் சொன்னது. "செக்யூரிட்டியில புடுங்கிக்குவாங்க அப்பாயி" என்று சண்டை போட்டுப் பெட்டிக்குள் வைத்தவன் நான். அந்தப் பெட்டிக்கு டேக் ஒட்டியவனும் நான்.

பெட்டி வரவில்லை என்று புகார் எழுதுகிற மேஜையில் இருந்த மேடம் நல்லவர். என் கையில் இருந்த ரசீதைப் பார்த்துவிட்டு, "தம்பி, டேக் நீங்களே போட்டதா?" என்று மட்டும் கேட்டார். குற்றம் சாட்டவில்லை, சும்மாதான் கேட்டார். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. வழக்கமாகப் பெட்டி தொலைந்தால் நாம்தானே குரலை உயர்த்துவோம்? "என் பெட்டியை என்ன பண்ணீங்க?" என்று கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறதா இல்லையா என்றே அந்த நிமிஷம் தெரியவில்லை. அப்பாயி பக்கத்தில் நின்று பாக்குவெட்டி எத்தனை நீளம் இருக்கும் என்று கையால் காட்டிக்கொண்டிருந்தது. மேடம் அதையும் ஃபாரத்தில் எழுதிக்கொண்டார்.

எங்கள் காலேஜில் பி.காம் முடித்துவிட்டு ஏர்போர்ட் வேலைக்குப் போன சீனியர் அக்கா ஒருத்தர் இருக்கிறார். அன்றிரவே அவருக்கு போன் போட்டேன். அவர் சொல்லித்தான் அந்தக் குட்டி ஸ்டிக்கரின் மகிமை தெரிந்தது. அதைப் பெட்டியின் உடம்பில் நேரடியாக ஒட்ட வேண்டுமாம். பெரிய டேக் எங்கேயாவது மாட்டிக் கிழிந்து போனாலும் இந்தச் சின்னதை வைத்துப் பெட்டி யாருடையது என்று கண்டுபிடித்துவிடலாம். "நாங்க பழைய டேக் இருந்தா மொதல்ல கிழிச்சிருவோம், புதுசை ஒட்டினதும் ஒரு இழு இழுத்துப் பார்ப்போம். யாரும் பெருசா சொல்லித் தர்றதில்ல, கை பழகிருது" என்றார். திருச்சிக் கவுன்டரில் நான் கவனிக்காத ஒரு நிமிஷத்தில் இதெல்லாம் நடந்திருக்கிறது.

டேக்கில் இருக்கிற பத்து இலக்க எண்ணையும் அவர்தான் படிக்கக் கற்றுக்கொடுத்தார். முதல் இலக்கம் டேக்கின் வகை. அடுத்த மூன்றும் விமான நிறுவனத்தின் எண்: ஏர் இந்தியாவுக்கு 098, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618, ஸ்ரீலங்கனுக்கு 603. மீதி ஆறும் அந்தப் பெட்டியின் வரிசை எண். அடியில் நாம் ராகங்களை விளக்கிக்கொண்டிருக்கும்போது, பெட்டி பெல்ட்டுகளில் ஓடி எந்த விமானத்துக்குப் போக வேண்டும் என்பதை இந்த எண்தான் முடிவு செய்கிறது. (ராகம் எங்கே வந்தது என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரிந்த அடுக்கு அதுதான்.)

இவ்வளவு முக்கியமான வேலையை நம் கையில் எப்படிக் கொடுத்தார்கள் என்று நோண்ட ஆரம்பித்தேன். ரொம்ப காலம் கொடுக்கவில்லை, அதற்குக் காரணமும் இருந்திருக்கிறது. 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் குண்டு வெடித்தது. கொழும்பு விமானத்துக்குப் பெட்டிகளைப் போட்ட ஆள் விமானத்தில் ஏறவில்லை. ஏற்றாமல் நின்ற அந்தப் பெட்டிகள்தான் வெடித்தன. முப்பது பேருக்கு மேல் இறந்தார்கள். சென்னைக்காரர்களிலேயே என் வயசு ஆட்களுக்கு இது தெரிவதில்லை. அடுத்த வருஷம் 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா அயர்லாந்துக்குப் பக்கத்தில் கடலுக்கு மேலே வெடித்துச் சிதறியது, 329 பேர் போனார்கள். அங்கேயும் அதே கதைதான், பெட்டி மட்டும் பயணம் செய்தது, பெட்டியைப் போட்டவன் ஏறவில்லை. அதற்கப்புறம்தான் ஆள் ஏறாவிட்டால் பெட்டியையும் இறக்கு என்கிற விதி இறுகியது. பெட்டி எங்கே போகிறது என்பதோடு, அதற்குப் பொறுப்பான ஆள் யார் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் டேக். அதை ஊழியர் கையில் வைத்திருந்ததில் ஆச்சரியமில்லை.

இப்போது மெஷின் எப்படிச் சமாளிக்கிறது என்றால், நாம் ஒட்டுகிற டேக் அதுவரைக்கும் வெறும் காகிதம். ஒப்படைக்கிற மெஷின் அதைப் படித்து, போர்டிங் பாஸோடு பொருத்திய பிறகுதான் அதற்கு உயிர். பெங்களூரில் 2018லேயே இந்த ஏற்பாடு வந்துவிட்டது, டெல்லியில் 2024ல் புது மாதிரி மெஷின்கள் வந்தன. வரிசை குறைகிறது, மறுப்பதற்கில்லை.

ஆனால் காமர்ஸ் படிக்கிறவனுக்கு ஒரு கணக்கு உறுத்தும். 1916ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸில் பிக்லி விக்லி என்று ஒரு கடை திறந்தார்கள். அதுவரைக்கும் மளிகைக் கடை என்றால் நம் ஊர் அண்ணாச்சி கடை மாதிரிதான், நாம் சொல்லச் சொல்லக் கடைக்காரர் எடுத்துப் போடுவார். அங்கேதான் கூடையைக் கையில் கொடுத்து நீயே எடுத்துக்கோ என்று விட்டார்கள். ரீடெய்ல் பேப்பரில் இதைப் புதுமை என்று எழுதி மார்க் வாங்குகிறோம். அந்தப் புதுமையில் எடுத்துப் போடுகிற வேலை ஒழியவில்லை, சம்பளம் வாங்காத ஆளுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கடையில் தப்பான சோப்பை எடுத்தால் தப்பான சோப்போடு வீட்டுக்குப் போவேன், பெரிய நஷ்டமில்லை. டேக் விஷயத்தில் வேலை எனக்கு மாறியது சரி, தப்பும் எனக்கே மாறிவிட்டதா? இதுதான் அந்த மேடத்தின் கேள்விக்குப் பிறகு என்னைக் குடைந்தது.

பிசினஸ் லா புத்தகத்தை அரியர் இல்லாமலேயே நான் திறந்தது அன்றைக்குத்தான். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 148வது பிரிவு, பெயில்மென்ட். கிளாஸில் துணி வெளுக்கப் போடுகிற உதாரணத்தோடு தூங்கிப்போவோமே, அதேதான். 149 சொல்கிறது, பொருள் அவர் வசம் போகிற மாதிரி எதைச் செய்தாலும் அது ஒப்படைத்த மாதிரிதான். ஆக, மெஷின் பெட்டியை இழுத்துக்கொண்ட நொடியில் நான் ஒப்படைத்துவிட்டேன். சர்வதேச விமானத்துக்கு 1999 மான்ட்ரியல் ஒப்பந்தம், இந்தியா அதில் 2009ல் சேர்ந்தது. பெட்டி நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும்போது தொலைந்தால் நிறுவனம்தான் பதில் சொல்ல வேண்டும். 2024 டிசம்பர் 28லிருந்து உச்சவரம்பு 1519 எஸ்.டி.ஆர், நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல். 21 நாளில் வராவிட்டால் தொலைந்ததாகவே கணக்கு. இது வரைக்கும் படித்து நிம்மதியானேன். அப்புறம் 20வது ஷரத்து வந்தது. நஷ்டம் கேட்கிறவரின் கவனக்குறைவால் அது நேர்ந்தது என்று நிறுவனம் நிரூபித்தால், அந்த அளவுக்கு அதன் பொறுப்பு போய்விடும்.

ஒவ்வொரு பெட்டிக்கும் அடையாள டேக்கை நிறுவனம் பயணியிடம் கொடுக்க வேண்டும் என்று அதே ஒப்பந்தம் சொல்கிறது. யார் ஒட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. 1999ல் அதை எழுதினவர்களுக்கு இந்த மெஷின் வரிசை கண்ணில் பட்டிருக்காது. கோணலான டேக்கோடு பெட்டியை வாங்கிக்கொண்டது அவர்கள் மெஷின்தானே, பார்த்திருந்தால் திருச்சி அக்கா அப்படியே விட்டிருப்பாரா என்பது என் கட்சி. எங்கள் லா சாரிடம் கேட்டேன். "பரீட்சைல வந்தா ரெண்டு பக்கமும் எழுதுடா, பத்து மார்க்" என்று சிரித்தார். எனக்கு மார்க்கா பிரச்சனை? வீட்டில் ஒரு கிழவி பக்கத்து வீட்டுப் பாக்குவெட்டியை இரவல் வாங்கி வைத்துக்கொண்டு, "இது வெட்டல, நசுக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மூன்றாம் நாள் போன் வந்தது. பெட்டி சாங்கியை விட்டே கிளம்பவில்லை, டேக் இல்லாமல் கிடந்திருக்கிறது. எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? கிளம்புகிற அன்று அத்தை பெட்டியின் மேல் அகலமாக ஒரு டேப்பை ஒட்டி, அதில் பட்டையான மார்க்கரால் அப்பா பேர், போன் நம்பர், ஊர், கடைசியில் பெரிசாக டி.ஆர்.இசட் என்று திருச்சியின் ஏர்போர்ட் எழுத்து எல்லாம் எழுதியிருந்தார். "இப்பல்லாம் யாரு அத்தை இப்படி எழுதுறாங்க, கேவலமா இருக்கு" என்று நான் கிண்டல் செய்தேன். சிங்கப்பூர், துபாய் என்று போனவர்கள் அட்டைப்பெட்டிக்கு நைலான் கயிறு கட்டி, நாலு பக்கமும் பேர் எழுதிக்கொண்டு வந்து இறங்குவார்களே, அந்தப் பழக்கம் அத்தைக்கு இன்னும் போகவில்லை. நான் டேக் போடக் கற்றுக்கொள்வதற்கு முப்பது வருஷம் முன்னாலேயே தங்கள் பெட்டிக்குத் தாங்களே டேக் போட்டவர்கள் அவர்கள்.

லால்குடி பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கைப்பிடியில் புது டேக் ஒன்று தொங்கியது. வழக்கமான டேக் எண் 0வில் தொடங்கும், இது 2ல் தொடங்கியது. அக்கா சொல்லியிருந்தார், ஆள் இல்லாமல் பின்னால் அனுப்பி வைக்கிற பெட்டிக்கு அந்த எண். யாரோ ஊழியர் நன்றாக இழுத்து ஒட்டியிருந்தார். பெட்டியின் உடம்பில் குட்டி ஸ்டிக்கரும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பாயி புடவையை எல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டுப் பாக்குவெட்டியை எடுத்து முந்தானையில் துடைத்தது. நான் கத்தரிக்கோலோடு டேக்கை வெட்டப் போனேன், பழைய டேக் இருந்தால் அடுத்த தடவை பெட்டி வேறு ஊருக்குப் போய்விடும் என்று விளக்கினேன்.

"அடுத்த தடவ போறப்ப வெட்டிக்கலாம், இப்பக் கெடந்துட்டுப் போகட்டும்" என்றது, பாக்கை வெட்டிக்கொண்டே.

பெட்டி பரணில் இருக்கிறது. டேக் இன்னும் தொங்குகிறது.