மூணாவது மஞ்சள் சீட்டு

பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி ஆரம்பிச்ச நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைச்சா, நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் போயிடும்.

எங்க ஆஸ்பத்திரியில் அந்த ஊசி தாமதமாகிட்டே இருந்தது. ஏன்னு பேச வாராவாரம் வீடியோ மீட்டிங். ஷிப்ட் முடிஞ்சவங்க வீட்ல இருந்தே வருவாங்க. ஆனா பேசுறது டாக்டர்கள் மட்டும்தான். நர்ஸ், ஸ்கேன் டெக்னீஷியன் எல்லாரும் மியூட்.

ஒருநாள் ஆன்லைன் ஒயிட்போர்டு திறந்தோம். எல்லாரும் அவங்கவங்க போன்ல இருந்தே ஒரே பலகையில் எழுதலாம். வாசல்ல இருந்து ஊசி வரைக்கும் ஒவ்வொரு படியையும் கட்டமா வரைஞ்சேன். "எங்க நேரம் போகுதோ அங்க சீட்டு ஒட்டுங்க. உங்க பேரும் வேண்டாம், நோயாளி பேரும் வேண்டாம்."

ஸ்கேன் கட்டத்துல மூணு மஞ்சள் சீட்டு.

"ஸ்ட்ரெச்சர் தள்ள ஆள் இல்ல."
"லிஃப்ட் வர லேட்."
"பில் கட்டினாதான் ஸ்கேன்."

மூணாவதைப் படிச்சதும் சுருக்குன்னுச்சு. அந்த உத்தரவுல கையெழுத்துப் போட்டதே நான்தான்.

அன்னைக்கே மாத்தினோம்: முதல்ல ஸ்கேன், அப்புறம் பில்.

வீடியோவில் என் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல யாருக்கும் தைரியம் வந்திருக்காது. எழுதினது யாருன்னு இதுவரை நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன்.